போட்டிக்குப் போகிற குதிரையின் பிடரி: இழுப்பது, வெட்டுவது, பின்னுவது

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் கையில் கத்தரிக்கோலோடு குதிரைக்குப் பக்கத்தில் போகாதீர்கள். மீதியைப் படிக்க நேரமில்லை என்றால் இது ஒன்றையாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் போயிருக்கிறேன். ஓரத்தை மட்டும் கொஞ்சம் நேராக்கிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன், ஒரு பக்கம் ஏறிப்போனது, அதைச் சமன் செய்ய மறுபக்கம் வெட்டினேன், அது இன்னும் ஏறியது, கடைசியில் அந்தப் பாவப்பட்ட குதிரை சட்டியைக் கவிழ்த்து முடி வெட்டிவிட்ட பள்ளிக்கூடப் பையன் மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தது. மறுநாள் விடியற்காலையில் பின்னப் போனால் பாதிக் கற்றை விரலுக்குள் நிற்கவே இல்லை. பிடரி முடி மாதத்துக்கு இரண்டு மூன்று செ.மீ. வளர்ந்தாலே அதிகம், அதனால் அந்த சீசன் முடியும்வரை அதே கோலம்தான்.

அன்றிலிருந்து நான் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே ஆரம்பித்துவிடுகிறேன். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், மிஞ்சினால் கால் மணி நேரம். அதற்கு மேல் வேண்டியதில்லை.

ஆனால் கையை வைப்பதற்கு முன்னால் உங்கள் குதிரை எந்தப் பிரிவில் இறங்கப் போகிறது, அந்தப் பிரிவில் பிடரி எப்படி இருக்க வேண்டும் என்று விதிப் புத்தகத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அரேபியக் குதிரை, ஃப்ரீசியன், ஆண்டலூசியன், ஐஸ்லாந்துக் குதிரை போன்றவற்றுக்கு நீளமான பிடரிதான் அழகு, அவற்றின் இனக் கண்காட்சிகளில் பிடரியைக் குட்டையாக்கிக் கொண்டுபோனால் நடுவர் முகம் சுளிப்பார். பிரிட்டனின் மலைநாட்டுக் குட்டைக் குதிரைகளையும் இயல்பான பிடரியோடுதான் காட்டுவார்கள். டிரெசாஜ் (குதிரையை நுணுக்கமான நடைகளில் நடத்திக் காட்டுவது), ஹண்டர் (வேட்டைக் குதிரைப் பாணியில் நடையையும் தாண்டலையும் பார்ப்பது) பிரிவுகளில் நேர்மாறு: குட்டையாக, மெல்லியதாக, பின்னுவதற்குத் தோதாக இருக்க வேண்டும். போலோ குதிரைக்கு மொத்தமாக மழித்தே விடுவார்கள், மட்டையும் கடிவாள வாரும் முடியில் சிக்கக் கூடாது என்பதற்காக. பிரிட்டிஷ் கண்காட்சிகளில் காப் என்கிற கட்டையான, பலமான வகைக் குதிரைக்கும் மழிப்புதான் வழக்கம், அந்தத் தடித்த கழுத்தின் வளைவு அப்போதுதான் எடுப்பாகத் தெரியும். நார்வேயின் ஃபியோர்டு குதிரை இவை எல்லாவற்றிலிருந்தும் தனி. அதன் பிடரியில் நடுவில் கறுப்பு முடி, இரண்டு பக்கமும் வெளிர் முடி. நிமிர்ந்து நிற்கிற மாதிரி குட்டையாக வெட்டி, நடுக் கறுப்பு வரியை மட்டும் கொஞ்சம் உயரமாக விடுவார்கள், பக்கவாட்டில் பார்த்தால் வெள்ளைக்கு மேல் கறுப்புக் கோடு ஓடும். அதை முதல் தடவையே சரியாக வெட்டுகிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

மழிக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. மழிப்பது பத்து நிமிட வேலை. திரும்ப வளர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து படிய ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், நடுவில் பல மாதம் முள்ளம்பன்றி மாதிரி நிற்கும். முடிவெடுக்கும் முன் இரண்டு நாள் ஆறப்போடுங்கள்.

சரி, இனி நம் குதிரை பின்னல் போட வேண்டிய குதிரை என்றே வைத்துக்கொள்வோம், அதில்தான் வேலை அதிகம்.

முதலில் தோலைப் பாருங்கள். பிடரியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முடி முளைக்கிற இடத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பொடுகு, புண், தடித்த தோல், உடைந்த முடி, பேன் என்று எது இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சில குதிரைகளுக்குச் சின்னஞ்சிறு கடிப்பூச்சிகளின் எச்சில் ஒத்துக்கொள்ளாது, பிடரியையும் வால் அடியையும் வேலியில் தேய்த்துத் தேய்த்தே முடியைக் கொட்டிவிடும். அந்தத் தோலில் முடியை இழுப்பதும் இறுக்கிப் பின்னுவதும் கொடுமை. கால்நடை மருத்துவர் பார்த்துத் தோல் ஆறட்டும், போட்டி இன்னொன்று வரும்.

தோல் நன்றாக இருந்தால் இழுப்பு. பிடரியைக் குட்டையாக்குவது, மெல்லியதாக்குவது இரண்டையும் ஒன்றாகச் செய்கிற பழைய முறை இது. வெட்டுவதில்லை, நீளமான முடிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வேரோடு எடுத்துவிடுவது. கேட்கப் பயமாக இருக்கும், பல குதிரைகள் இதற்கு வாயில் வைக்கோலை மென்றபடி கண்ணை மூடிக்கொண்டு நிற்கின்றன. எல்லாக் குதிரையும் அப்படியில்லை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

நேரம் முக்கியம். வேலை வாங்கி முடித்து, உடம்பு இன்னும் சூடாக இருக்கும்போது இழுத்தால் முடி லேசாக வரும். குளிர்ந்த காலையில் இழுத்தால் அதற்கும் வலி, உங்களுக்கும் விரல் வலி. இன்னொன்று, இழுக்கிற நாளில் பிடரியைக் குளிப்பாட்டாதீர்கள். கழுவின முடி வழுக்கும், பிடியே கிடைக்காது. கொஞ்சம் அழுக்கும் எண்ணெய்ப் பசையும் இருப்பதுதான் இந்த வேலைக்கு நல்லது. பளபளப்புக்கு அடிக்கிற சிலிக்கோன் ஸ்பிரேயை ஒரு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள்.

கயிற்று நுனியை இழுத்தால் சட்டென்று அவிழும் முடிச்சில் குதிரையைக் கட்டுங்கள். முன்னால் ஒரு வலை நிறைய வைக்கோல். நீங்கள் ஏறி நிற்க அகலமான, ஆடாத ஸ்டூல் ஒன்று. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறுகிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு, குதிரை ஒரு காலை நகர்த்தினால் வாளி ஒரு பக்கம் நீங்கள் ஒரு பக்கம். கையில் மெல்லிய ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால் முடி நழுவாது, விரலும் அறுபடாது. பிடரி முடி சாதாரண முடி இல்லை, இழுத்தால் நூல் மாதிரி விரலை அறுக்கும்.

இப்போது கைவேலை. பிடரி விழுகிற பக்கத்தில் நின்று, அடிப்பக்கத்திலிருந்து, அதாவது கழுத்தை ஒட்டிப் படிந்திருக்கிற முடியிலிருந்து ஒரு சின்னக் கற்றையை எடுங்கள். மேலே தெரிகிற முடியைத் தொடாதீர்கள், மேலே எடுத்தால் அந்த இடத்தில் முளைக்கிற புது முடி நிமிர்ந்து நின்று காட்டிக்கொடுத்துவிடும். கற்றையின் நுனியில் மிக நீளமாக இருக்கிற சில இழைகளை மட்டும் இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையில் உள்ள குட்டைப் பல் உலோகச் சீப்பால் மீதி முடியை மேல்நோக்கி, வேர்ப்பக்கமாகத் தள்ளுங்கள். குட்டை முடியெல்லாம் மேலே போய்ச் சுருண்டுகொள்ளும், கையில் ஐந்தாறு நீள இழைகள் மட்டும் நிற்கும். அவற்றைச் சீப்பில் ஒரு சுற்றுச் சுற்றி, முடி வளர்கிற திசையிலேயே, சட்டென்று ஒரு இழு. மெதுவாக இழுத்தால்தான் வலிக்கும். வெளியே வந்த முடியின் நுனியில் வெள்ளையாக வேர் தெரிந்தால் சரியாக வந்திருக்கிறது. பாதியில் அறுந்து வந்தால் ஒரே தடவையில் அதிகம் எடுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஒரே இடத்தில் நின்று இழுத்துக்கொண்டிருக்காதீர்கள். இங்கே இரண்டு கற்றை, ஒரு சாண் தள்ளி இரண்டு கற்றை, பிறகு கழுத்தின் அடிப்பாகத்தில் இரண்டு. அவ்வப்போது கீழே இறங்கி, நான்கைந்து அடி தள்ளி நின்று பாருங்கள், கிட்டே நின்றால் எதுவும் நேராகத் தெரியாது. குதிரை தலையை ஆட்டுகிறது, காதைப் பின்னால் மடக்குகிறது, கழுத்தை விறைக்கிறது என்றால் அன்றைக்கு அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம்தானே என்று தொடர்ந்தால் மறுநாள் சீப்பைப் பார்த்ததுமே அது பின்வாங்கும், அப்புறம் ஆயுசுக்கும் அந்தக் குதிரையிடம் இந்த வேலையைச் செய்ய முடியாது. முழுப் பிடரியையும் ஒரே நாளில் இழுத்து முடித்தால் தோல் சிவந்து வீங்கிவிடும், அதன் மேல் கடிவாளத்தின் தலைவாரும் உட்கார்ந்தால் அது எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

எவ்வளவு நீளம் விடுவது? பின்னலுக்கு 10 முதல் 12 செ.மீ. சௌகரியம், கிட்டத்தட்ட ஓர் உள்ளங்கை அகலம். அதைவிடக் குட்டை என்றால் மடிக்க முடியாது, நீளம் என்றால் பின்னல் உருண்டை ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் மாதிரித் தொங்கும். சந்தேகம் வந்தால் நீளமாகவே விடுங்கள். நீளத்தை நாளைக்குக்கூடக் குறைக்கலாம்.

இழுப்பை ஏற்காத குதிரைகளைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். இழுத்தே தீருவேன் என்று மூக்கை இறுக்கிப் பிடித்துக் கட்டாயப்படுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது பிடிக்காது, பிடரி அழகுக்காக ஒரு மிருகத்தோடு மல்லுக்கட்ட வேண்டிய அவசியமே இல்லை. பிளேடு வைத்த சீப்புகள் கிடைக்கின்றன. முன்பு சொன்ன மாதிரியே குட்டை முடியை மேலே தள்ளிவிட்டு, நீள இழைகளைச் சீப்பில் சுற்றி, இழுப்பதற்குப் பதில் பிளேடால் அறுத்துவிடலாம். ஓரம் இழுத்த மாதிரியே மேடுபள்ளமாக, இயல்பாக இருக்கும். முடி மெலியாது, நீளம் மட்டும்தான் குறையும், அதனால் ஏற்கெனவே மெல்லிய பிடரி உள்ள குதிரைக்கு இதுதான் சரியான வழி. தடித்த பிடரியை மெலிதாக்க வேண்டுமென்றால் பல் வைத்த தின்னிங் கத்தரியை அடிப்பக்கத்தில் மட்டும் பயன்படுத்தலாம். அங்கேயும் ஆபத்து உண்டு, நடுவில் அறுபட்ட முடிகள் மூன்று வாரத்தில் வளர்ந்து மேல்முடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும்.

கத்தரிக்கோலே கூடாதா என்றால், கூடும், படுக்கவைத்து வெட்டக் கூடாது. பிடரிக்குக் குறுக்கே வைத்து நறுக்கென்று வெட்டினால் நேர்கோடு விழும், அந்தக் கோடு ஷோ ரிங்குக்கு வெளியே இருந்தே தெரியும். நுனியை மேல்நோக்கிப் பிடித்து, முடியின் போக்கிலேயே, சின்னச் சின்னதாகக் கொத்துங்கள். சலூனில் கடைசியில் சீப்பைத் தூக்கிப் பிடித்து நுனியில் டிக் டிக் என்று வெட்டுவார்களே, அதே கைதான்.

அடுத்தது காதுக்குப் பின்னால். கடிவாளத்தின் தலைவார் உட்காருகிற இடத்தில் ஒரு துண்டுப் பிடரியை மழிப்பது வழக்கம், வாருக்கு அடியில் முடி சுருண்டு அழுத்தாது. இங்கேதான் ஆள் ஆளுக்கு ஒரு கணக்கு. ஹண்டர், டிரெசாஜ் குதிரைக்கு 3 முதல் 5 செ.மீ. போதும், வாரின் அகலம்தான் அளவு. வெஸ்டர்ன் (அமெரிக்க கௌபாய் பாணிச் சவாரி) குதிரைகளுக்குக் காதை மெதுவாகப் பின்னால் மடித்து, காது நுனி தொடுகிற இடம்வரை எடுப்பார்கள். அரேபியன், அமெரிக்க இனமான சாடில்பிரெட் போன்றவற்றுக்கு இன்னும் நீளமாக எடுப்பதுண்டு, தாடைக்கும் கழுத்துக்கும் நடுவிலுள்ள ஒடுக்கம் அதில் நன்றாகத் தெரியும். சில இனங்களில் இந்த இடத்தைத் தொடவே கூடாது என்பதும் உண்டு. தெரியாவிட்டால் வாரின் அகலத்துக்கு மேல் போகாதீர்கள்.

மழிக்கும்போது எல்லையிலிருந்து ஆரம்பித்துக் காதை நோக்கிப் போங்கள், காதிலிருந்து பின்னால் வராதீர்கள். காதுப்பக்கமிருந்து வந்தால் குதிரை தலையை ஒரு தடவை அசைத்தாலும் கிளிப்பர் பிடரிக்குள் பாய்ந்து இரண்டு அங்குலத்தைச் சாப்பிட்டுவிடும். ஆரம்பிக்கும் முன் எல்லைக்குப் பின்னாலுள்ள முடியை ஒரு ரப்பர் பேண்டு போட்டு ஒதுக்கிக் கட்டிவிடுங்கள், நெற்றி முடியையும் முன்னால் தள்ளிக் கட்டுங்கள். 10ஆம் எண் பிளேடு இதற்குப் போதும். நெற்றி முடி எங்கே முடிகிறது, பிடரி எங்கே தொடங்குகிறது என்று விரலால் தடவிக் கண்டுபிடியுங்கள், இரண்டையும் குழப்பிக்கொண்டு நெற்றி முடியில் பாதியை மழித்துவிட்டவர்கள் நிறையப் பேர். கிளிப்பர் சத்தத்துக்குப் பழகாத குதிரை என்றால், முதல் இரண்டு நாள் மிஷினை ஓடவிட்டு அதன் பின்புறத்தை மட்டும் தோளில் வைத்து அதிர்வைப் பழக்குங்கள். பிளேடு சூடாகும், நடுவில் உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பார்த்து, சுட்டால் நிறுத்தி எண்ணெய் விடுங்கள்.

கையில் கிளிப்பர் இருக்கும் வேகத்தில் முகத்துக்குப் போய்விடாதீர்கள். மூக்கையும் வாயையும் கண்ணையும் சுற்றியுள்ள மீசை முடி குதிரைக்குத் தொட்டு உணர்கிற உறுப்பு. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பான எஃப்.இ.ஐ. 2021 ஜூலை 1 முதல் அதை மழித்த குதிரையைத் தன் போட்டிகளில் அனுமதிப்பதில்லை. முன்பெல்லாம் முகத்தை வழவழவென்று மழித்துக் கொண்டுபோவதுதான் நாகரிகம் என்றிருந்தது, நானும் செய்திருக்கிறேன், இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

குளியல் போட்டிக்கு இரண்டு நாள் முன்பு. ஷாம்பூவைத் தண்ணீரில் கரைத்து, விரல் நுனியால் வேர்வரை தேய்த்து, தண்ணீர் தெளிவாக ஓடும்வரை அலசுங்கள். ஷாம்பூ தங்கினால் பொடுகு வரும், அரிப்பெடுத்துக் குதிரை தேய்த்துக்கொள்ளும், மூன்று வார உழைப்பு ஒரு ராத்திரியில் போகும். பின்னப் போகிற பிடரிக்குக் கண்டிஷனர் வேண்டாம். ஒருமுறை வாசனை நன்றாக இருக்கிறதே என்று காலையில் போட்டுவிட்டு, ஒன்பது மணிக்கு ரிங்குக்குள் போவதற்குள் நான்கு பின்னல் தானாகவே உருவிக்கொண்டதை என்னால் மறக்க முடியவில்லை.

பின்னல் பெரும்பாலும் கழுத்தின் வலப்பக்கம் விழுவதுதான் வழக்கம். உங்கள் குதிரையின் பிடரி இடப்பக்கம் விழுந்தாலோ, பாதி இங்கே பாதி அங்கே என்று நின்றாலோ, நனைத்து, வலப்பக்கம் சீவி, தளர்வாகப் பின்னி இரண்டு மூன்று நாள் விட்டு, பிரித்து, ஒரு நாள் ஓய்வு கொடுத்து மறுபடியும் பின்னுங்கள். இதையும் அந்த மூன்று வாரத்துக்குள்ளேயே செய்ய வேண்டும்.

எத்தனை பின்னல்? பிடரியில் ஒற்றைப்படை, நெற்றியில் ஒன்று சேர்த்து இரட்டைப்படை என்பது பழைய கணக்கு. இப்போது அதை எண்ணிப் பார்க்கிற நடுவர் குறைவு. கழுத்துதான் கணக்கு. கழுத்து குட்டையாகத் தெரிந்தால் பின்னல்களைச் சின்னதாக்கி எண்ணிக்கையைக் கூட்டுங்கள், நீளமாகத் தெரியும். ஒட்டகம் மாதிரி நீண்ட கழுத்தா, பின்னலைப் பெரிதாக்கி எண்ணிக்கையைக் குறையுங்கள். கழுத்தின் மேல்விளிம்பில் சதையில்லாமல் ஒட்டியிருந்தால் பின்னல் உருண்டைகளை விளிம்புக்கு மேலே நிமிர்த்தி உட்காரவைக்கலாம், இல்லாத வளைவு இருக்கிற மாதிரித் தெரியும். தடித்த கழுத்தில் அதே வேலையைச் செய்தால் கடா மாதிரி ஆகிவிடும், அங்கே உருண்டையைப் பக்கவாட்டில் தாழ்த்தித் தையுங்கள். பிடரிப் பின்னல் வெறும் அலங்காரமில்லை, கழுத்தின் குறைகளை மறைக்கிற தையற்காரன் வேலை என்று நான் சொல்வது இதனால்தான். அமெரிக்க ஹண்டர் போட்டிகளில் முப்பது நாற்பது பொடிப் பின்னல்கள் போடுவார்கள், அதற்கென்றே ராத்திரியெல்லாம் லாயம் லாயமாகப் போய்ப் பின்னுகிற தொழில்காரர்கள் உண்டு. டிரெசாஜில் அதில் பாதிகூட வேண்டியதில்லை.

முதலில் முழுப் பிடரியையும் சீப்பு அகலத்துக்குச் சம பங்காகப் பிரித்து ரப்பர் பேண்டு போட்டுவிடுங்கள். பின்னிக்கொண்டே பிரித்தால் கழுத்தடிக்கு வரும்போது ஒன்று பெரியது, ஒன்று சிறியது என்று ஆகிவிடும். முடியின் நிறத்துக்கே மெழுகு நூல், மொட்டை நுனியுள்ள தடித்த ஊசி இரண்டு, ஈர ஸ்பாஞ்சு, கொஞ்சம் ஜெல் அல்லது பின்னலுக்கான ஸ்பிரே. இவற்றை ஒரு ஏப்ரனின் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஊசி எத்தனை எடுத்தீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள், வேலையை முடித்ததும் மறுபடி எண்ணுங்கள். வைக்கோல் பரப்பின கொட்டடிக்குள் நின்று தைக்காதீர்கள். வைக்கோலில் விழுந்த ஊசியைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, குதிரைதான் கண்டுபிடிக்கும்.

முதல் கற்றையை நனைத்து மூன்றாகப் பிரியுங்கள். முதல் இரண்டு மூன்று சுற்றில்தான் எல்லாம் இருக்கிறது. கட்டைவிரலைக் கழுத்தோடு அழுத்தி வைத்துக்கொண்டு, இழைகளை வெளியே உங்களை நோக்கி இழுக்காமல் கீழ்நோக்கி இழுத்துப் பின்னுங்கள். அங்கே தளர்ந்தால் பின்னல் முழுக்க ஆடும். அதற்காகத் தோலைத் தூக்குகிற அளவுக்கு இறுக்கவும் கூடாது, வேர் முடி இழுபட்டுக் குதிரை தலையைத் தாழ்த்தாமல் விறைப்பாக நடக்கும், நடுவர் அதைத்தான் முதலில் பார்ப்பார். பாதிக்கு மேல் வந்ததும் நூலை இரண்டாக மடித்து நடுவில் வைத்து, இரண்டு இழையோடு சேர்த்துப் பின்னிக்கொண்டு போங்கள், நுனியில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டால் முடியின் நுனி வெளியே துருத்தாது. எல்லாக் கற்றைகளையும் இதே மாதிரி பின்னித் தொங்கவிட்ட பிறகுதான் மடிக்க வேண்டும்.

மடிப்பு: நூலை ஊசியில் கோர்த்து, பின்னலின் வேர்ப்பகுதிக்கு அடியிலிருந்து மேலே குத்தி எடுங்கள். இழுத்தால் பின்னல் பாதியாக மடிந்து நுனி அடியில் ஒளிந்துகொள்ளும். இன்னொரு தடவை மடித்தால் உருண்டை. ஊசியை உருண்டையின் நடுவில் ஒரு தடவை, பக்கவாட்டில் சுற்றி ஒரு தடவை விட்டு, அடியில் முடிச்சுப் போட்டு நூலை வெட்டுங்கள். ஊசியைக் குத்தும்போது அதன் நுனி எப்போதும் கழுத்திலிருந்து விலகியே இருக்கட்டும். ரப்பர் பேண்டாலேயே முடித்துவிடுகிறவர்களும் உண்டு, வேகமாக முடியும், கிட்டத்தில் பார்த்தால் தெரியும். வீட்டுப் பயிற்சிக்கு அது போதும்.

நெற்றி முடியை நேராக வெட்டாதீர்கள், எந்த இனமாக இருந்தாலும். அது கண்ணுக்கு ஈ விரட்டி. பின்ன வேண்டுமென்றால் மேலிருந்து இரண்டு பக்கமும் முடியைச் சேர்த்துக்கொண்டே வந்து, நுனியை அடியில் மடித்துத் தைத்துவிடுங்கள்.

வெஸ்டர்ன் பிரிவுக்குப் பின்னல் கிடையாது, சின்னச் சின்னக் கற்றையாக வேருக்குப் பக்கத்தில் ரப்பர் பேண்டு போட்டால் பிடரி கழுத்தோடு ஒட்டிப் படியும். முந்தின ராத்திரி துணி முக்காடு ஒன்றைப் போட்டுவிட்டால் இன்னும் நன்றாகப் படியும். அவ்வளவுதான்.

நீளப் பிடரி வைத்திருக்கிறவர்களுக்கு வெட்டும் வேலை மிச்சம், பராமரிப்பு இரட்டிப்பு. தினமும் சீப்புப் போடாதீர்கள். ஒவ்வொரு சீவலிலும் பத்து முடி போகும், வருடக் கணக்கில் வளர்ந்த முடி அது. சிக்கெடுக்கும் ஸ்பிரே அடித்து, முதலில் விரலால் பிரித்து, பிறகு அகலப் பல் பிரஷால் நுனியிலிருந்து ஆரம்பித்து மேலே மேலே வாருங்கள். இங்கே சிலிக்கோன் தாராளமாகப் போடலாம், நாம்தான் பின்னப் போவதில்லையே. லாயத்தில் இருக்கும்போது கழுத்துக்குக் கீழே தொங்கும் பகுதியை மட்டும் தளர்வான நான்கைந்து சடையாகப் போட்டு, பத்து நாளுக்கு ஒருமுறை பிரித்துப் பின்னுங்கள். போட்டிக்கு முந்தின நாள் நனைத்துப் பிரித்துவிட வேண்டும், காலையில் பிரித்தால் அலை அலையாக நின்று பெர்ம் போட்ட மாதிரி ஆகிவிடும். நீளப் பிடரியோடு டிரெசாஜில் இறங்குகிறீர்கள் என்றால் கழுத்து விளிம்போடு ஒரே பின்னலாகக் காதிலிருந்து தோள்வரை முடி சேர்த்துக்கொண்டே ஓடுகிற ஓட்டப் பின்னல் போடலாம், முடியை வெட்டவே வேண்டாம்.

பின்னலைப் போட்டி அன்று காலையில் போடுவதே நல்லது. முந்தின ராத்திரியே போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் முக்காடு போட்டு விடுங்கள், படுத்து எழும்போது வைக்கோல் சொருகாது. காலையில் ஒன்றிரண்டு பின்னலாவது கலைந்திருக்கும் என்று கணக்குப் போட்டே எழுந்திருங்கள். ரிங்குக்குப் போகும் முன் பின்னல்களுக்கு நடுவில் நிமிர்ந்து நிற்கிற குட்டி முடிகளைக் கையில் கொஞ்சம் ஜெல் தடவி அழுத்திவிடலாம். அவற்றைக் கத்தரிக்காதீர்கள், அதெல்லாம் அடுத்த வருடத்துப் பிடரி.

போட்டி முடிந்ததும் பரிசு ரிப்பன் கிடைத்ததோ இல்லையோ, அன்றைக்கே பிரித்துவிடுங்கள். கத்தரிக்கோலால் நூலை வெட்டினால் நூலோடு முடியும் போகும், தையல் பிரிக்கிற சிறு கொக்கிக் கத்தியை அடியிலிருக்கிற முடிச்சில் விட்டு மேலே தூக்கினால் நூல் மட்டும் அறும். எல்லாவற்றையும் விரலால் உதிர்த்துவிட்டு, ஈர ஸ்பாஞ்சால் வேர்வரை நனைத்துத் தடவிக்கொடுங்கள். அரை நாள் இறுகிக் கிடந்த தோல் அது, அரிக்கும், குதிரை கழுத்தைக் கொண்டுவந்து உங்கள் தோளில் தேய்க்கும். கொஞ்ச நேரம் நின்று நகத்தால் சொறிந்துவிடுங்கள்.